மழையின் பெயரால்: காடு, மழைமானி, கோடரி குறித்த ஒரு பழைய வழக்கு

(சற்றே நீண்ட பதிவு. ஆய்வேட்டின் ஓர் இயலுக்காகத் திரட்டிய செய்திகளின் சுருக்கம் இது. சூழலியல் வரலாறு பயிலும் மாணவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இங்கே பகிர்கிறேன்.)

அண்மையில் ஒரு கருத்தரங்கில் காலனிய வனச் சட்டங்கள் குறித்துப் பேசி முடித்தபோது, முதுகலை மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: "காடு இருந்தால் மழை வரும் என்பதை ஆங்கிலேயர் அறிந்திருந்தார்களா? அறிந்திருந்தால் ஏன் வெட்டினார்கள்?" அவையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அறிந்திருந்தார்கள், வெட்டவும் செய்தார்கள் என்பது மட்டுமே விடையாக இருந்திருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். மழை குறித்த அந்த அறிவே காட்டில் வாழ்ந்தவர்களுக்கு எதிரான ஆயுதமாகவும் பயன்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்து நிமிடத்தில் அதை விளக்க இயலவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இப்பதிவு.

1887ஆம் ஆண்டில் ஹென்றி பிளான்ஃபர்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்திய வானிலைத் துறை 1875இல் தோன்றியபோது அதன் முதல் தலைமை அலுவலராக அமர்த்தப்பட்டவர் அவர். இமயப் பனிக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டென்று முதலில் கூறியவரும் அவரே. இந்தியக் காடுகள் மழையின்மீது என்ன விளைவை ஏற்படுத்துகின்றன என்பதே அக்கட்டுரையின் பொருள். மத்திய மாகாணங்களின் தென்பகுதி மழைமானிப் பதிவுகளை அவர் எடுத்துக்கொண்டார். அப்பகுதியில் மலைவாழ் மக்கள் காட்டை வெட்டி, எரித்து, சாம்பலில் விதைத்து வந்த வேளாண்மை 1870களின் நடுவில் பெருமளவு ஒடுக்கப்பட்டது. எரிந்த சரிவுகளில் இளங்காடு எழுந்தது. அதற்கு முந்தைய ஏறத்தாழப் பத்தாண்டு மழையையும் பிந்தைய பத்தாண்டு மழையையும் ஒப்பிட்ட பிளான்ஃபர்டு, மழை கூடியிருப்பதைக் கண்டார். நாட்டின் பிற பகுதிகளில் அதே அளவு கூடுதல் இல்லாததால், காடு வளர்ந்ததே இதற்குக் காரணமாகலாம் என்று முடிவுரைத்தார்.

ஒரு வானிலையாளரின் பார்வையில் இது இயற்கையே நடத்திக்கொடுத்த ஒரு சோதனை. ஆனால் அச்சோதனை யார்மீது நடத்தப்பட்டது என்ற கேள்வி அக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. மைக்கால மலைத்தொடரில், இன்றைய மண்ட்லா, திண்டோரி, பாலாகாட் மாவட்டங்களில் வாழ்ந்த பைகா மக்கள் அவர்களுள் முதன்மையானோர். அவர்கள் தம் வேளாண்மையைப் 'பேவர்' என்பார்கள். நிலம் தாய், ஏர் பூட்டி அவள் மார்பைக் கிழிப்பது பாவம் என்பது அவர்களது நம்பிக்கை. வெரியர் எல்வின் 1939இல் வெளியிட்ட 'தி பைகா' என்ற நூலால் இச்செய்தி உலகறிந்தது. கோடரியும் நெருப்பும் பறிக்கப்பட்டபோது அம்மக்கள் இழந்தது உணவோடு முடியவில்லை. 1890இல் மண்ட்லாவின் ஒரு மூலையில் 'பைகா சக்' என்ற வரையறுக்கப்பட்ட பரப்பு ஒதுக்கப்பட்டு, பேவர் அதற்குள் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. ஒரு மக்களின் வாழ்முறை முழுவதும் ஒரு வரைபடக் கட்டத்துக்குள் அடைக்கப்பட்டது.

பிளான்ஃபர்டைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. அவர் எண்களை நேர்மையாகவே படித்தார். ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் நாம் படிக்க வேண்டியிருக்கிறது.

காட்டுக்கும் மழைக்கும் முடிச்சிடும் கருத்து இந்தியாவில் பிறந்ததன்று. ஐரோப்பியச் சிந்தனையில் அது பழையது. எனினும் அரசின் கொள்கையாக அது உருப்பெற்ற இடம் தீவுகள் என்பதை ரிச்சர்டு குரோவ் தம் 'கிரீன் இம்பீரியலிசம்' நூலில் (1995) விரிவாக நிறுவினார். கரும்புக்காகக் காடழிந்த சிறு தீவில் ஓடை வற்றுவதை ஒரு தலைமுறைக்குள்ளேயே கண்ணால் காணலாம். கண்டத்தில் அது எளிதன்று. மொரீசியசில் நிர்வாகியாக இருந்த பியர் புவாவர் 1769இல் காடுகளைக் காக்கும் ஆணை பிறப்பித்தார். டொபாகோ தீவில் மழையைக் காப்பதற்கென்றே மலைமுகட்டுக் காடு 1776இல் ஒதுக்கப்பட்டது.

அடுத்து அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். 1800இல் வெனிசுவேலாவின் வலென்சியா ஏரி சுருங்கி வருவதைக் கண்ட அவர், சுற்றிலும் காடழிந்ததையும் அவுரித் தோட்டங்களுக்கு நீர் திருப்பப்பட்டதையும் காரணமாகக் காட்டினார். இதில் பலரும் குறிப்பிடாமல் கடந்துவிடும் ஒரு பின்கதை உண்டு. 1822இல் அதே ஏரிக்குச் சென்ற பூசிங்கோ, நீர்மட்டம் மீண்டும் உயர்ந்திருப்பதைக் கண்டார். இடைப்பட்ட விடுதலைப் போரில் தோட்டங்கள் கைவிடப்பட்டு, விளைநிலங்களைக் காடு மீட்டுக்கொண்டிருந்தது. கோட்பாட்டுக்கு இதைவிட வலுவான சான்று வேறென்ன வேண்டும்! ஹம்போல்டும் பூசிங்கோவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர்களுக்கு வேதமாயினர்.

ஆம், மருத்துவர்களுக்கு. இந்திய வனத்துறையின் முன்னோடிகளுள் பலர் அறுவை மருத்துவர்களாக வந்து தாவரவியலில் மூழ்கியவர்கள். பம்பாய் மாகாணத்தின் காட்டுக் காப்பாளராக 1847இல் அமர்ந்த அலெக்சாண்டர் கிப்சன் அத்தகையவர். மதராசில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்து மீண்டும் இங்கு வந்த ஹியூ கிளெக்ஹார்ன் இன்னொருவர். அவர் 1856இல் மதராஸ் மாகாணத்தின் முதல் காட்டுக் காப்பாளரானார். மரங்கள் தட்பவெப்பத்தின்மீது செலுத்தும் விளைவு குறித்துச் செய்தி திரட்டுமாறு கம்பெனியின் இயக்குநர் அவை 1847இல் கேட்டது. மதராசில் எட்வர்ட் பால்ஃபர் 1849இல் அதுபற்றி ஒரு தொகுப்பு வெளியிட்டார். வெப்பமண்டலக் காடுகளின் அழிவு குறித்துப் பிரிட்டிஷ் அறிவியல் கழகம் அமைத்த குழுவின் அறிக்கை 1851இல் வாசிக்கப்பட்டது. அதை உருவாக்கியதில் கிளெக்ஹார்னுக்கு முதன்மைப் பங்கு உண்டு. காடழிந்தால் வறட்சி, வறண்டால் பஞ்சம், பஞ்சம் வந்தால் வருவாய்ச் சரிவும் கலகமும் என்று அவர்கள் அடுக்கிய காரணச் சங்கிலி, லாபக் கணக்கை மட்டுமே அறிந்த கம்பெனிக்கும் விளங்கியது.

கிளெக்ஹார்னின் எழுத்துகளில் இரு குற்றவாளிகள் மாறிமாறித் தோன்றுகிறார்கள். ஒருவர் வரைமுறையின்றி வெட்டும் மர வணிகர், மற்றவர் குமரி வேளாண்மை செய்யும் மலைக்குடி. முதலாமவருக்கு உரிமமும் கட்டணமும் வந்தன. இரண்டாமவருக்கு 1860இல் தடை வந்தது. இந்தச் சாய்வை ஒரு தனிமனிதரின் குணக்குறையாகக் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. மர வணிகரை முற்றாகத் தடுத்திருந்தால் அரசே முடங்கியிருக்கும். ஏனெனில் மரத்தின் மிகப்பெரிய வாடிக்கையாளர் அரசு ஆதரவு பெற்ற இருப்புப்பாதைதான்.

பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் பயணியர் ரயில் ஓடியது 1853இல். 1860இல் 1,349 கிலோமீட்டராக இருந்த பாதை, 1910இல் 51,658 கிலோமீட்டராயிற்று. ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 வரை சிலீப்பர் கட்டைகள் தேவை. நடுத்தர மரம் ஒன்றிலிருந்து மூன்று முதல் ஐந்து கட்டைகள் கிடைக்கும் என்று கொண்டால், மைலுக்கு ஏறத்தாழ 350இலிருந்து 670 மரங்கள். (இக்கணக்கு ஒன்பதாம் வகுப்புத் தேசியப் பாடநூலில் பயிற்சி வினாவாகவே உள்ளது. நம்மில் எத்தனை பேர் அதைப் போட்டுப் பார்த்தோம்?) கட்டைகளும் நிரந்தரமானவை அல்ல, கரையானும் ஈரமும் தின்னத் தின்ன மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பதப்படுத்தாமல் தாங்கக்கூடியவை தேக்கு, சால், தேவதாரு என்ற மூன்றே. ஆகவே வெட்டு எங்கும் பரவலாக நிகழவில்லை. குறிப்பிட்ட மரங்களை, குறிப்பிட்ட பள்ளத்தாக்குகளைத் தேடிச் சென்றது. மேற்கு இமயத்தின் தேவதாருக் கட்டைகள் யமுனையிலும் பிற ஆறுகளிலும் மிதக்கவிடப்பட்டுச் சமவெளிக்கு வந்தன. ஜபல்பூர் வழியாகக் கல்கத்தாவும் பம்பாயும் 1870இல் இணைந்தபோது, நருமதையை ஒட்டிய மலைகளின் சால் காடுகளும் ஒப்பந்தக்காரர்களின் கைக்குள் வந்துவிட்டிருந்தன. அதே மலைகளில்தான் பைகாக்கள் பேவருக்குத் தீ மூட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் பிளான்ஃபர்டு கணக்கிட்ட மாகாணமும் அதுவே.

டல்ஹவுசியின் 1855ஆம் ஆண்டுக் குறிப்பாணை பர்மாவின் பெகு தேக்குக் காடுகளைக் குறித்து எழுந்தது. மறு ஆண்டில் அங்கு அமர்த்தப்பட்ட ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ் 1864இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளரானார். 1865இல் முதல் வனச் சட்டம் வந்தது. 1878இல் கடுமையான சட்டம் வந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட விவாதத்தை ராமச்சந்திர குஹா 1990இல் எழுதிய கட்டுரையில் மாணவர்கள் அவசியம் வாசிக்க வேண்டும். பேடன்-பவல் காடு முழுவதும் அரசுடைமையே என வாதிட்டார். காலங்காலமாகக் காட்டைப் பயன்படுத்தியவர்களுக்கு இருந்தது உரிமையன்று, மன்னர் பொறுத்துக்கொண்ட சலுகை மட்டுமே என்பது அவர் கட்சி. மதராஸ் அரசு இதை மறுத்தது. கிராமத்தார் பயன்படுத்தாத காடு என்று தம் மாகாணத்தில் எதுவுமில்லை என்பதே அங்கிருந்த அதிகாரிகளின் நிலைப்பாடு. அதனால் 1878 சட்டத்தை ஏற்காமல் 1882இல் தனிச் சட்டம் இயற்றியது. (அந்தச் சட்டமும் நடைமுறையில் எத்தனை மென்மையாக இருந்தது என்பது வேறு கதை.) பிராண்டிஸ் இடைநிலையில் நின்றார், தோற்றார். நூற்றாண்டு முடிவதற்குள் நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வனத்துறையின் ஆளுகைக்குள் வந்தது.

இவ்விவாதத்தில் மழை வகித்த இடம் நுட்பமானது. தேக்குக்காகக் காட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் அது வணிகம். மழைக்காக எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் அது பொதுநலன். 1876 முதல் 1878 வரை தக்காணத்தையும் தென்னாட்டையும் சூறையாடிய பெரும்பஞ்சத்துக்குப் பிறகு அந்தப் பொதுநல மொழிக்குத் தனி வலிமை வந்தது. அவ்வறட்சி பசிபிக் பெருங்கடலின் எல் நினோவோடு தொடர்புடையது என்பதை இன்று நாம் அறிவோம். அன்று குற்றம் சுமத்த அருகிலேயே ஆள் இருந்தார்: கோடரியோடு நின்ற மலைக்குடி.

இனி வழக்கின் திருப்பம். 1904இல் வானிலைத் துறைத் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கணிதவியலாளர். இந்தியாவின் தட்பவெப்பம் மாறிவிட்டது என்ற கூற்றுக்கான சான்றுகளை அவர் ஆராய்ந்து 1910இல் வெளியிட்டார். மழை நிலையாகக் குறைந்ததற்குச் சான்றில்லை; ஏற்ற இறக்கங்கள் உண்டு, அவை திரும்பத் திரும்ப வருபவை. பிளான்ஃபர்டின் பத்தாண்டுக் கூடுதலும் அத்தகைய ஓர் ஏற்றமாக இருந்திருக்கலாம். அரசும் காடு, மண்ணீர், மழை ஆகியவற்றின் உறவு குறித்து மாகாணங்களில் விசாரணை நடத்தியது. அதன் குறிப்பு 1916இல் வெளிவந்தது. மழையைப் பற்றிய பெருங்கோட்பாடு அத்துடன் ஒதுங்கியது. மண்ணரிப்பும் வெள்ளமுமே பேசுபொருளாயின.

கவனிக்க வேண்டியது ஒன்று: கோட்பாடு ஒதுங்கியபோது, அதன் பெயரால் எடுத்துக்கொள்ளப்பட்ட காடுகள் திருப்பித் தரப்படவில்லை. நான் வாசித்த வரையில், மழைவாதம் வலுவிழந்ததால் ஒரு காப்புக்காட்டின் எல்லைக்கல் பிடுங்கப்பட்டதாக எங்கும் இல்லை. இரு உலகப் போர்களுக்கும் அக்காடுகள் மரம் அளித்தன. விடுதலைக்குப் பின் காகித ஆலைகளுக்கும் ஒட்டுப்பலகை ஆலைகளுக்கும் அளித்தன. 1970 ஜூலையில் அலக்நந்தா பெருக்கெடுத்து ஊர்களை அடித்துச் சென்றபோது, மேல் நீர்ப்பிடிப்பில் நடந்த மரவெட்டையும் வெள்ளத்தையும் இணைத்துப் பார்த்தவர்கள் மலை ஊர்களின் மக்களே. 1974 மார்ச்சில் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் பெண்களும் ஒப்பந்தக்காரரின் ஆட்களைத் தடுத்து நிறுத்தியபின் அமைக்கப்பட்ட அரசுக் குழு, அவர்கள் சொன்னதையே ஏறத்தாழ ஏற்றுக்கொண்டது. நூறாண்டுகளாக மலைக்குடியே காடழிப்பவர் என்று சொல்லிவந்த மொழி அங்கே முதன்முறையாகத் தலைகீழானது.

ஆனால் நீரியலாளர்கள் விடவில்லை. 1982இல் பாஷ், ஹியூலெட் இருவரும் 94 நீர்ப்பிடிப்புச் சோதனைகளைத் தொகுத்து, மரத்தை வெட்டினால் ஓடையில் நீர் பெரும்பாலும் கூடவே செய்கிறது என்று காட்டினர். மரமும் நீர் குடிப்பது! நீலகிரியின் கிளென்மார்கனில் அருகருகே அமைந்த இரு நீர்ப்பிடிப்புகளில் நடந்த நீண்ட சோதனையில், புல்வெளியில் தைல மரம் நட்ட பகுதியின் ஆண்டு நீர்வரத்து முதல் பத்தாண்டுச் சுழற்சியில் 16 விழுக்காடு குறைந்தது. இமயத்தின் வெள்ளத்துக்கெல்லாம் காடழிவே காரணம் என்ற வாதத்தை ஐவ்சும் மெசர்லியும் 1989இல் கேள்விக்குள்ளாக்கினர். எங்கள் துறையிலும் இதன் எதிரொலி கேட்டது. காடு மழை தரும் என்பது காலனியக் கட்டுக்கதை என்று எழுதுவது ஒரு காலத்தில் மெத்தப் படித்தவரின் அடையாளமாயிற்று. நானும் என் முதல் கருத்தரங்கக் கட்டுரையில் அப்படித்தான் எழுதினேன். இன்று அதை எடுத்துப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

ஏனெனில் வழக்கு மீண்டும் திறந்துவிட்டது. 1979இலேயே அமேசான் மழைநீரின் ஐசோடோப்புகளை ஆராய்ந்த எனியாஸ் சலாட்டி குழுவினர், அங்கு பொழியும் மழையில் பாதியளவு காடே ஆவியாக்கித் திருப்பி அனுப்பும் நீர் என்று கண்டனர். மரம் குடிக்கும் நீர் மறைந்துவிடவில்லை. ஓடைக்கணக்கில் இழப்பாக எழுதப்படுவது காற்றின் கணக்கில் வரவாகிறது. அது வேறோர் ஊரில் பெய்கிறது. இந்தியாவைப் பொறுத்தவரை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தேவராஜு, பாலா, மோதக் மூவரும் 2015இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வு திகைப்பூட்டுவது. தொலைவிலுள்ள வடக்குக் காடுகளின் பேரழிவும் மழைப்பட்டையைத் தெற்கே தள்ளி இந்தியப் பருவமழையைக் குறைக்கும். அவர்கள் கண்ட அளவு 18 விழுக்காடு. சைபீரியக் காட்டுக்கும் நம் கிணற்றுக்கும் உறவு உண்டென்று ஹம்போல்டும் எண்ணியிருக்க மாட்டார். மும்பை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த சுபிமல் கோஷும் உடன் ஆய்வாளர்களும் 2016இல், காடு விளைநிலமானதால் நிலத்திலிருந்து எழும் ஈரம் குறைந்து பருவமழை நலிவடைந்ததை ஆராய்ந்தனர். 2018இல் வந்த அவர்களது ஆய்வு தமிழ்நாட்டுக்கு நேரடியானது: தென்மேற்குப் பருவத்தில் மழை பொய்க்கும் ஆண்டுகளில், தமிழ்நாட்டில் பெய்யும் மழையின் ஈரத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளே வழங்குகின்றன.

ஆக, பிளான்ஃபர்டின் சான்று பிழைபட்டிருக்கலாம். அவரது உள்ளுணர்வு முற்றிலும் பிழையன்று. வாக்கர் எண்களில் சரி. ஆனால் மழைமானிகளின் சராசரியில் தெரியாத ஒன்று காற்றில் நடந்துகொண்டிருந்தது. வரலாற்று மாணவருக்கு இது சங்கடமான இடம். ஒரு கருத்து அதிகாரத்துக்குப் பயன்பட்டது என்று காட்டுவதால் அது பொய் என்றாகிவிடாது. அது மெய் என்று தெரியவந்ததால், அதன் பெயரால் நடந்த பறிப்பு நியாயமாகிவிடாது. இவ்விரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு எழுதுவது கடினம் என்பதை என் இயலின் நான்கு வரைவுகள் எனக்குக் காட்டின.

இது பழங்கதை என்று எண்ணுவோர் இன்றைய சொற்களைச் சற்றுப் பார்க்கட்டும். மழை இருந்த இடத்தில் இப்போது கார்பன் அமர்ந்திருக்கிறது. உலகக் காட்டுப் பரப்பு 406 கோடி எக்டேர் என்றும், அதில் மனிதக் கைபடாத முதற்காடு 111 கோடி என்றும் உணவு வேளாண்மை அமைப்பின் 2020 மதிப்பீடு கூறியது. காட்டின் மொத்தத்தில் முதற்காடு நான்கில் ஒரு பங்கு சொச்சம்தான். இந்திய வனக் கணக்கெடுப்போ இயற்கைக் காட்டையும் தோட்டத்தையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஒரு எக்டேருக்குக் குறையாத நிலத்தில் விதானம் 10 விழுக்காடு இருந்தால், அது தென்னந்தோப்பாயினும் ரப்பர் தோட்டமாயினும் காட்டுப் பரப்பே. அவ்வாறு எண்ணியதில் 2023 அறிக்கைப்படி நாட்டில் 21.76 விழுக்காடு காடு. கிளென்மார்கன் சோதனையின் பாடம் இக்கணக்கில் எங்கும் இல்லை.

2022இல் பெரிய நிக்கோபார் தீவில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட மழைக்காட்டை வேறு பயனுக்குத் திருப்பக் கொள்கையளவில் ஒப்புதல் தரப்பட்டது. அது ஷோம்பென் மக்கள் வாழும் தீவு. அதற்கான ஈட்டுக் காடு வளர்ப்பு அரியானாவில். தீவுகளில் பிறந்த ஒரு கோட்பாடு, தீவையும் ஆரவல்லி அடிவாரத்தையும் ஒரே பேரேட்டில் வரவு செலவாக எழுதும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. டொபாகோவில் 1776இல் ஒதுக்கிய மலைமுகட்டுக் காடு, சொல்லப்போனால், இன்னும் அங்கேயே நிற்கிறது.

மைக்கால மலைக்குத் திரும்பி முடிக்கிறேன். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கு வாழிட உரிமை என்ற ஒன்றை ஏற்கிறது. அவ்வுரிமை நாட்டில் முதன்முதலாக ஏற்கப்பட்டது பைகாக்களுக்கே. இடம் திண்டோரி மாவட்டத்தின் பைகா சக், ஆண்டு 2016ஐ ஒட்டி. 1890இல் வேலியாக வரையப்பட்ட அதே வட்டாரத்துக்குள் அது வந்தது. அவ்வூர்களின் முதியவர்களிடம் மழையைப் பற்றியும் பேவரைப் பற்றியும் கேட்டுப் பதிவுசெய்ய அடுத்த பருவத்தில் செல்லவிருக்கிறேன். அப்பகுதியில் களப்பணி செய்தவர்கள், கோண்டி அல்லது சத்தீஸ்கரி அறிந்த மொழிபெயர்ப்பாளர்களைத் தெரிந்தவர்கள் யாரேனும் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.